நாலாவது கம்பி

அத்தியாயம் 9

பஞ்சில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

மருமகள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். மருந்தின் நிறமாக இருக்கலாம் என்று மனசு சமாதானம் சொன்னது. மூக்கு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது சீழ்தான்.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டு மாமியார் ஒரு தையல் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். துணியிலும் சரி, பேச்சிலும் சரி, வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். யூனிட் வாசலில் பின்னோக்கி வந்த சரக்கு வண்டி ஒன்று அந்த அம்மாவை இடித்துத் தள்ளி, வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பையும் முறித்துவிட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதால் டாக்டர் உடனே உள்ளே எதையும் வைக்கவில்லை. முறிவுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கம்பிகளைத் தோல் வழியாக எலும்பில் முறுக்கி, வெளியே ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டி அனுப்பினார். புண் ஆறியதும் சட்டத்தைக் கழற்றிவிட்டு எலும்புக்குள்ளேயே நீளமாக ஒரு கம்பியைச் செலுத்துவதாக ஏற்பாடு. அந்த ஆபரேஷன் இந்த வாரக் கடைசியில்.

"என் காலுக்கு கேட் போட்டு அனுப்பியிருக்காங்க, பூட்டு ஒண்ணுதான் பாக்கி" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த கேட்டைத் துடைக்கிற வேலை மருமகளுடையது. கம்பி தோலுக்குள் நுழைகிற இடம்தான் கிருமிக்கும் வாசல் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு கம்பிக்கு ஒரு பஞ்சு. ஒன்றைத் துடைத்தது இன்னொன்றில் படக்கூடாது. அவர்கள் தந்த மருந்துத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் அங்கே போகக்கூடாது. மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு லென்ஸில் விரல் ரேகை விழுந்தாலே அவளுக்குப் பொறுக்காது. மாமியார் அவளைக் கூப்பிடுவதே 'கண்ணாடி' என்றுதான். அப்படிப்பட்டவள் கையில் சீழ்.

"என்ன கண்ணாடி, பஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டே?"

"கீழ்க் கம்பிகிட்ட கொஞ்சம் கசிஞ்சிருக்கு அத்தை. வலிக்குதா?"

"வலிக்காம? இரும்பை எலும்புல முறுக்கினா பாட்டா வரும்?"

கணுக்காலை ஒட்டியிருந்த நாலாவது கம்பிதான் அது. சுற்றிலும் தோல் சிவந்து, புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடாக இருந்தது. கிருமி கம்பி வழியாக எலும்புக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். ஆபரேஷன் தள்ளிப்போவது அதில் ரொம்பச் சின்ன விஷயம்.

மேலே இருந்த இரண்டு கம்பிகளையும் துடைக்கும்போது இன்னொன்று நடந்தது. பஞ்சு வழுக்கியது. தோல் பளபளவென்று மின்னியது. முகர்ந்து பார்த்தாள். லேசாக மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. மருந்துத் தண்ணீருக்கு அந்த வாடை கிடையாது.

யாரோ எதையோ தடவியிருக்கிறார்கள். தனக்குத் தெரியாமல், தான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து.

"அத்தை, கால்ல யாராவது ஏதாவது போட்டாங்களா?"

"என்னைக் கேட்டா? மாத்திரையைக் குடுத்துத் தூங்க வெச்சுட்டுப் போயிடறீங்க. தூங்கறவளுக்கு யார் வந்தா, யார் போனான்னு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கலவை இயந்திரம் காலையிலேயே உருள ஆரம்பித்துவிடும். யார் கட்டுகிறார்கள் என்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. கட்டிலை அந்த ஜன்னலோரமாகப் போடச் சொன்னது மாமியார்தான். ஊரெல்லாம் சுற்றியவர், படுத்துக்கொண்டு வேடிக்கையாவது பார்க்கட்டும் என்று மகனும் போட்டுக்கொடுத்தான்.

கீழே விழுந்த துணியை எடுக்கக் குனிந்த மருமகள், கட்டிலுக்கு அடியில் மாமியாரின் செருப்புகளைப் பார்த்தாள். இரண்டின் அடியிலும் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. நேற்று சாயங்காலம் வந்த நாத்தனார்தான் இதை மாட்டிக்கொண்டு வெளியே சுற்றியிருக்க வேண்டும். நோயாளி படுத்திருக்கிற அறைக்குள் இந்த அழுக்கா என்று எரிச்சலோடு இரண்டையும் எடுத்துப் பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். குழாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. செருப்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

கணவன்தான். ஏசி மாட்டுகிற வேலை அவனுக்கு. எந்த மாடியின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு பேசினானோ, காற்று இரைந்தது.

"சீழா? நல்லாப் பார்த்தியா?"

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். மத்தியானமே டாக்டர்கிட்ட காட்டணும்."

"சரி, நான் அக்காகிட்ட சொல்றேன். அவ லீவு போட்டுட்டு வருவா."

"அக்காகிட்ட இப்ப சொல்ல வேணாங்க. முதல்ல டாக்டர் என்ன சொல்றாருன்னு…"

"இப்பத்தான் சொல்லிட்டு உனக்குப் போன் போட்டேன்."

வேறு என்ன செய்ய முடியும்? தலையில் அடித்துக்கொண்டாள்.

*

நாத்தனார் வங்கியில் வேலை பார்க்கிறவர். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். ஸ்கூட்டரை நிறுத்திய வேகத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. அம்மாவின் காலைப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். பிறகு மருமகளைப் பார்த்த பார்வையில் ஒரு விசாரணைக் கமிஷனே இருந்தது.

"கையைக் கழுவிட்டுத்தான் தொடறியா?"

"ஆமாக்கா."

"சோப்பு போட்டு?"

"முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுத்தான் கழுவறேன்."

"அப்புறம் எப்படி வரும் சீழு? தானாவா வரும்?" நாத்தனார் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசினால்தான் அவருக்குக் கோபம் என்று அர்த்தம். "மத்தியானம் கடைக்கு வேற போக ஆரம்பிச்சுட்டே. வந்த அவசரத்துல எதையாவது தொட்டு, அதே கையோட இதையும் தொட்டிருப்பே. நான் தப்பு சொல்லல. நடந்திருக்கும்னு சொல்றேன்."

"கடையிலேர்ந்து வந்து நான் காலைத் தொடறதே இல்லக்கா. காலையில ஒரு தடவைதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒரு தடவைதான் பார்க்கறே."

எப்படித் திருப்பினாலும் குற்றம் இவள் தலையில்தான் வந்து உட்கார்ந்தது. மருமகள் மாமியாரைப் பார்த்தாள். தினமும் அந்தக் கண்ணெதிரே நின்றுதான் கை கழுவுகிறாள். 'தோலை உரிச்சிடாதே கண்ணாடி' என்று கிண்டல் செய்ததே அந்த அம்மாதான். இப்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரையும் விட்டுவைக்காத அந்த வாய், இன்றைக்கு என்று பார்த்துத் திறக்கவில்லை. மாமியார் ஜன்னலுக்கு வெளியே செங்கல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

நாத்தனார் சொன்னதைவிட அதுதான் மருமகளுக்கு வலித்தது. அழுகை வந்தது. அழுதால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

அடக்கியதெல்லாம் சந்தேகமாக மேலே வந்தது. போன வாரம் நாத்தனார் ஒரு எண்ணெய் பாட்டில் கொண்டுவந்திருந்தாரே. வங்கியில் கூட வேலை செய்கிற யாரோ சிபாரிசு செய்த வலி எண்ணெய். டாக்டரைக் கேட்காமல் எதுவும் போட வேண்டாம் என்று மருமகள் அன்றைக்கே சொல்லியிருந்தாள். அப்போது நாத்தனாரின் முகம் போன போக்கு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவர்தான் போட்டிருக்க வேண்டும். போட்டுவிட்டு, பழியை இவள் மேல் தள்ளுகிறார்.

"அக்கா, நீங்க கொண்டுவந்த எண்ணெய் எங்க?"

"எதுக்கு?"

"மேல இருக்கற கம்பியில எண்ணெய் தடவியிருக்கு. பஞ்சு வழுக்குது."

நாத்தனார் நிமிர்ந்தார். "நான் தடவினேன்னு சொல்றியா?"

"நான் தப்பு சொல்லலக்கா. நடந்திருக்கும்னு சொல்றேன்."

நாத்தனார் விறுவிறுவென்று அலமாரியைத் திறந்து, புடவை அடுக்குக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து மருமகளின் கையில் திணித்தார். மூடியின் மேல் ஒட்டிய தாள் கிழியவில்லை. மூடியையும் மீறிக் கற்பூர வாடை அடித்தது. இது அந்த வாடை இல்லை.

"பிரிச்சிருக்கா?"

"இல்லக்கா."

"எங்கம்மா காலுக்கு நானே கெடுதல் பண்ணுவேனா?"

மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை. தோற்றுப்போனவள், விடாமல் இன்னொன்றையும் கேட்டு வைத்தாள். "நேத்து அத்தை செருப்பைப் போட்டுக்கிட்டு வெளிய போனீங்களா? அடியெல்லாம் சிமெண்ட்."

"எனக்கெதுக்கு அவங்க செருப்பு? அதுல என் காலு பாதிதான் நுழையும்."

இந்த இடத்தில் மாமியார் இருமினார். தண்ணீர் வேண்டும் என்றார். இருவரும் ஒரே நேரத்தில் சொம்பை எடுக்கப் போனதில் பேச்சு அதோடு நின்றது.

*

டாக்டர் மத்தியானம் வரச் சொல்லிவிட்டார். அதற்குள் மாமனாருக்குக் காபி கொண்டுபோனாள் மருமகள்.

மாமனார் தையல் மிஷின் மெக்கானிக். முன்னறைதான் அவருக்குப் பட்டறை. கழற்றிய மிஷின்கள் மேஜை முழுக்கக் கிடக்கும். காலையில் ஒன்றை ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தால் சாப்பாட்டுக்குத்தான் நிறுத்துவார். மறுபடி ஓட்டினால் சாயங்காலம்தான். அந்தக் கடகடப்பில் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. வீட்டில் எது கிறீச்சிட்டாலும் அவருக்குத் தாங்காது. கதவுக் கீல், ஃபேன், கத்தரிக்கோல், மகள் வீட்டுப் பேத்தியின் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டே திரிவார். மனைவிக்குக் கால் முறிந்த பிறகு பேச்சு குறைந்துபோனது. சொட்டு விடுவது மட்டும் குறையவில்லை.

காபியை மேஜையில் வைத்தவள் அப்படியே நின்றாள். அந்த வாடை. லேசான மண்ணெண்ணெய் வாடை.

மேஜையோரத்தில் நீள மூக்கு வைத்த சின்ன எண்ணெய் டப்பா இருந்தது. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தாள். சந்தேகத்துக்கே இடமில்லை.

"மாமா, மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"அத்தை கால்ல இதைப் போட்டீங்களா?"

மாமனார் காபியைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். பார்க்க வேறு எதுவும் இல்லாமல் போனதும் மருமகளைப் பார்த்தார்.

"ஒரே ஒரு சொட்டும்மா. மேல ஒண்ணு, அதுக்கு அடுத்ததுல ஒண்ணு. தூக்கத்துல அவ காலை அசைக்கும்போது அந்தச் சட்டம் கிறீச்சுன்னுது. அவ முனகறா. இரும்பு காஞ்சுபோய் உள்ள இழுக்குதுன்னு நினைச்சேன். எனக்கு மனசு கேக்கல."

"அது இரும்பும் இரும்பும் உரசற இடம் இல்ல மாமா. இரும்பும் தோலும். அதுக்குள்ள எலும்பு."

"சுத்தமான எண்ணெய்ம்மா. புது டின்."

"சுத்தமா இருந்தாலும் அது மிஷினுக்குத்தானே மாமா."

கையைத் துடைக்கிற துணியால் மேஜையைத் துடைத்தார். ஏற்கனவே துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "காலை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டபோது குரல் உடைந்திருந்தது.

மருமகளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பரிதாபம் வந்தது. ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது. உள்ளே என்ன போயிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது.

"டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும் மாமா."

"பெரியவளுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா." சொந்த மகளுக்கு அந்தக் கிழவர் பயப்பட்ட பயம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "நீ சரியா துடைக்கலைன்னு இருந்துட்டுப் போகட்டுமேம்மா. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிட மாட்டாங்க."

"காலையிலேர்ந்து அதைத்தான் மாமா சொல்லிட்டிருக்காங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மருமகள் காபியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். மிஷின் மறுபடி ஓடவில்லை.

*

எலும்பு டாக்டரின் அறையில் எல்லோருமாக நின்றார்கள். மாமியார் பரிசோதனை மேஜையில் கால் நீட்டிப் படுத்திருந்தார். நாத்தனார் தலைமாட்டில். மருமகள் பக்கவாட்டில். மாமனார் கதவை ஒட்டி, இப்போதே ஓடிவிடப் போகிறவரைப் போல.

டாக்டர் கட்டைப் பிரித்தார். கையுறை மாட்டிய விரலால் கம்பியைச் சுற்றி மெதுவாக அழுத்தினார். மாமியார் பல்லைக் கடித்தார்.

"காய்ச்சல் வந்துச்சா?"

"நேத்து ராத்திரி லேசா உடம்பு சுட்டுச்சு" என்றாள் மருமகள். "காலையில இல்ல."

"இது தோலோட நிக்கற சீழா, கம்பி வழியா எலும்பு வரைக்கும் இறங்கிடுச்சான்னு பார்க்கணும். அதுவரைக்கும் உள்கம்பி வைக்கிற பேச்சே கிடையாது. இந்த நிலைமையில வெச்சா, வாசல்ல நிக்கற கிருமியை நானே கொண்டுபோய் எலும்புக்குள்ள தள்ளின மாதிரி ஆயிடும். உள்ள புகுந்துட்டா அது சுலபத்துல போகாது. திரும்பத் திரும்பத் திறந்து சுத்தம் பண்ணணும். சில பேருக்கு எலும்பு கூடாமலே போயிடும்."

"கால்…" என்று ஆரம்பித்த நாத்தனார் முடிக்கவில்லை.

"அந்த அளவுக்கு இன்னும் போகல. போகக்கூடாதுன்னுதான் கேக்கறேன். இந்தக் காலுக்கு யார் என்ன பண்ணினாலும் எனக்குத் தெரியணும். திட்டறதுக்கு இல்ல, வைத்தியம் பார்க்கறதுக்கு."

"வீட்ல கட்டுப் போடறது இவதான் டாக்டர்" என்றார் நாத்தனார். "கொஞ்சம் கவனக்குறைவா…"

மருமகள் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. நீள மூக்கு எண்ணெய் டப்பாவை மாமனார் டாக்டரின் மேஜையில் வைத்தார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் போட்டேன். மிஷின் எண்ணெய். அவ தூங்கறப்ப."

நாத்தனார் அப்பாவைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். "அப்பா…" என்றார். மருமகளின் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

மருமகளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. மாமனாரின் சட்டைப் பையில் எண்ணெய்க் கறை படர்ந்திருந்ததைப் பார்த்தாள். வழி முழுக்க அந்த டப்பாவைப் பையில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். பாவம், என்னமாகத் தவித்திருப்பார்.

டாக்டர் திட்டவில்லை. டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். மேலே இருந்த இரண்டு கம்பிகளையும் சுத்தம் செய்து, நெருங்கிப் பார்த்தார்.

"இங்க எண்ணெய் இருக்கு. ஆனா சிவப்பு இல்ல, சீழ் இல்ல. நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டீங்க." பிறகு கணுக்கால் பக்கம் நகர்ந்தார். "இதுக்கும் போட்டீங்களா?"

"இல்ல டாக்டர். அதைத் தொடவே இல்ல. அங்க தையல் போட்ட இடத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தும். மேல ரெண்டுக்கும்தான்."

"நிச்சயமா?"

"சத்தியமா."

டாக்டர் நாலாவது கம்பியை இரண்டு விரலால் பிடித்தார். லேசாக அசைத்தார். அது அசைந்தது. அசையவே கூடாத கம்பி அது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மாமியார் முதல்முறையாக "ஐயோ" என்றார்.

"எண்ணெயால வந்தது இல்ல இது" என்றார் டாக்டர். "இந்தக் காலை ஊன்றி நடந்திருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. கனம் தாங்காம கம்பி ஆடிப்போயிருக்கு. ஆடின இடத்துல கிருமி புகுந்திருக்கு."

"நடக்கறதா?" நாத்தனாருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "பாத்ரூமுக்கே வாக்கரைப் பிடிச்சு, இவ தோளைப் பிடிச்சு, ஒத்தைக் கால்லதான் டாக்டர் போறாங்க."

"நான் கட்டிலை விட்டு இறங்கறதே இல்ல" என்றார் மாமியார். சொன்னது டாக்டரிடம் இல்லை. கூரையிடம்.

டாக்டர் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, கம்பியைச் சுற்றிக் காய்ந்திருந்த பொருக்கைத் துடைத்து எடுத்தார். துணியை விளக்கடியில் விரித்துக் காட்டினார். மஞ்சளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியாக ஏதோ இருந்தது.

"இது என்ன, சிமெண்ட் மாதிரி இருக்கே? வீட்ல ஏதாவது வேலை நடக்குதா?"

"எங்க வீட்ல இல்ல. பக்கத்துல கட்டறாங்க" என்ற நாத்தனார் சட்டென்று மருமகளின் பக்கம் திரும்பினார். பழைய பார்வை திரும்பி வந்திருந்தது. "கூடவே இருக்கறவ நீ. உனக்குத் தெரியாம இதெல்லாம் எப்படி நடக்கும்?"

மருமகளுக்கு அந்தக் கேள்வி காதில் விழவே இல்லை. அவள் கண்ணுக்கு முன்னால் காலையில் பார்த்த செருப்புகள் நின்றன. இரண்டின் அடியிலும் சிமெண்ட். இரண்டின் அடியிலும். வலது காலைத் தரையில் வைக்கவே கூடாது என்பதால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக வலது செருப்பை யாரும் எடுத்துக்கூடக் கொடுத்தது கிடையாது.

அவள் மத்தியானம் கடைக்குப் போவாள். மாமனார் முன்னறையில் மிஷினை ஓட்டுவார். கட்டிலிலிருந்து பின்கதவு நாலு எட்டுதான்.

"இன்னைக்கே இந்தக் கம்பியை எடுத்துட்டு வேற இடத்துல போட்டாகணும்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "சீழைப் பரிசோதனைக்கு அனுப்பறேன். என்ன கிருமின்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும். மண்ணுல மிதிச்சாங்களா, எங்க மிதிச்சாங்கன்னு தெரிஞ்சா எனக்கு உபகாரமா இருக்கும். அம்மா சொல்ல மாட்டேங்கறாங்க. வீட்ல யாராவது விசாரிச்சுச் சொல்லுங்க." மாமனாரையும் அழைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்க வெளியே போனார்.

"நான் போய் அம்மாவுக்குத் துணிமணி எடுத்துட்டு வரேன்" என்றார் நாத்தனார். "சாவியைக் குடு."

மருமகள் பையில் கையை விட்டாள். அதற்குள் இன்னொரு கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. துணி வெட்டி வெட்டி உரமேறிய கை. மாமியார் அவளைக் கீழே இழுத்து, நாத்தனாருக்குக் கேட்காமல் காதருகே கேட்டார்.

"கண்ணாடி, அந்தச் செருப்பைக் கழுவிட்டியா?"

ஆக, எல்லாம் தெரிந்துதான் காலையில் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். சீழ் எதனால் என்று தெரியும். மருமகள் மேல் தப்பில்லை என்றும் தெரியும். தெரிந்தும், பழி அவள் தலையில் விழுவதை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

"இல்ல அத்தை. குழாயடியில அப்படியே கிடக்கு."

"நீயே வீட்டுக்குப் போ. போய் முதல்ல அதைக் கழுவு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

இதுவரை யாரிடமும் கெஞ்சாத வாய் அது. காலையில் கேட்டிருந்தால் மருமகள் கண்ணை மூடிக்கொண்டு கழுவியிருப்பாள்.

"நான் கை கழுவினேனான்னு அக்கா கேட்டப்ப, நீங்க ஜன்னலைப் பார்த்துட்டுப் படுத்திருந்தீங்க அத்தை. அதைக்கூட விடுங்க. டாக்டர் கேக்கறது உங்க காலுக்காக."

பிடித்த கையை மெதுவாக எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். சாவிக்கொத்தை நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது பின்கதவு சாவிக்கா. குழாயடியில அத்தை செருப்பு கிடக்கு. ரெண்டையும் கழுவாம, அப்படியே ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. டாக்டர்கிட்ட காட்டணும்."

நாத்தனாரின் புருவம் ஏறியது. செருப்பையா என்று கேட்க வந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வங்கியில் கள்ள நோட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி சாவியை ஒருமுறை விரலால் தடவினார். சட்டென்று திரும்பி வெளியே போனார்.

மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. அந்த அம்மா அழுது மருமகள் பார்த்ததே கிடையாது. எலும்பு வெளியே வந்த அன்றைக்குக்கூட.

"அத்தை, அந்தக் கட்டடத்துக்கு எதுக்குப் போனீங்க?"

"செருப்பை யார் பார்த்தா எனக்கென்ன கண்ணாடி." குரல் எழும்பவே இல்லை. "பெரியவ செருப்பைப் பார்த்தா, அதோட நிக்க மாட்டா. நேரா அந்தக் கட்டடத்துக்குள்ள போவா. அங்க இருக்கற ஆளை அவ பார்க்கவே கூடாது. வெளிய தலை காட்டாதேன்னு அந்த ஆள்கிட்ட சொல்லத்தான் நான் இந்தக் காலோட தினமும் நடந்தேன். அவளைத் திருப்பிக் கூப்பிடு."

மருமகள் வராந்தாவைத் தாண்டி ஓடினாள். வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நாத்தனாரின் ஸ்கூட்டர் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.